குடல் அழற்சிப் பரிசோதனைக்கு வீட்டில் மலம் எடுப்பது எப்படி?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 32 வயது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். எட்டு மாதமாக வயிறு சரியில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போக வேண்டியிருக்கிறது. சில நாள் சீதம் போகிறது. ரத்தம் பார்த்ததில்லை. டவுனில் டாக்டரிடம் காட்டினேன். குடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கணும் என்று கால்புரோடெக்டின் என்ற டெஸ்டும், சாதாரண மோஷன் டெஸ்டும் எழுதிக் கொடுத்தார். லேபில் டப்பாவைக் கையில் கொடுத்து, "காலையில எடுத்துட்டு வாங்க" என்றார்கள், அவ்வளவுதான். டப்பா மூன்று வாரமாக அலமாரியிலேயே இருக்கிறது. வீட்டில் இந்தியன் டாய்லெட். எப்படி எடுப்பது என்றே புரியவில்லை. லேபுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும், அங்கிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்புகிறார்களாம். ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று தோழி சொன்னாள். மாமியார் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறார். மாதவிலக்கு வலிக்கு மாசாமாசம் மெஃபனமிக் ஆசிட் மாத்திரை போடுவேன். தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரையும் உண்டு. இதற்குப் பதிலாக ரத்தப் பரிசோதனை செய்தால் போதாதா? கேன்சராக இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. லேபில் எல்லாம் ஆண்கள், கையில் கொடுக்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். இந்தப் பரிசோதனையில் பாதி வேலை உங்கள் வீட்டில் நடக்கிறது. லேபில் இருக்கும் மெஷின் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், டப்பாவுக்குள் தண்ணீரோ மாதவிலக்கு ரத்தமோ கலந்து வந்தால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. அப்படிப்பட்ட வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, ஒரு பக்கத் தாளில் தமிழில் விவரம் எழுதிக் கொடுப்பது லேபின் கடமை. நான் மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்யும் டாக்டர். அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டுமோ, அதை உங்கள் வீட்டு நிலைமைக்கு ஏற்ற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் உங்களிடம் சில கேள்விகள். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து அவசரமாகப் போக வேண்டியிருக்கிறதா? முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைந்திருக்கிறதா? விட்டு விட்டுக் காய்ச்சல் வருகிறதா? ஹீமோகுளோபின் குறைவு என்று யாராவது சொன்னார்களா? குடும்பத்தில் யாருக்காவது குடல் அழற்சி நோயோ குடல் புற்றுநோயோ வந்திருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும், நான் கீழே சொல்லும் நாள் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். இனிமேல் மலத்தோடு கலந்து ரத்தம் போனாலும் அப்படித்தான். அந்த நிலையில் டாக்டர் இந்த டெஸ்டுக்காகக் காத்திருக்காமல் நேராகக் கொலோனோஸ்கோபிக்கே, அதாவது கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கே, போகச் சொல்லலாம். அப்படி எதுவும் இல்லை என்றால் நிதானமாகச் செய்ய நமக்கு நேரம் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனை போதாதா என்று கேட்டிருந்தீர்கள். அழற்சிக்கு ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒன்று பார்ப்பார்கள். அது கல்லீரலில் உண்டாகும் புரதம். சளிக்காய்ச்சல் வந்தாலும் ஏறும், பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும். இன்னொரு பக்கம், பெருங்குடலின் உள்தோலில் மட்டும் புண் இருக்கும்போது சி.ஆர்.பி. ஏறாமல் சாதாரணமாகவே இருந்துவிடுவதும் உண்டு. கால்புரோடெக்டின் அப்படியில்லை. நம் ரத்தத்தில் இருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களுக்குள் அது நிறைந்திருக்கிறது. குடலின் உள்தோலில் எங்காவது அழற்சி இருந்தால் இந்த அணுக்கள் அங்கே கூடி, சுவரைத் தாண்டி குடலுக்குள் விழுகின்றன. அவற்றிலிருக்கும் கால்புரோடெக்டின் மலத்தோடு வெளியே வருகிறது. இந்தப் புரதத்தை 1980-ல் நார்வே ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தார்கள். மலத்தில் அதை அளக்கும் முறையும் 1992-ல் அங்கிருந்துதான் வந்தது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்களால் இதை எளிதில் சிதைக்க முடியாது என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. அதனால்தான் உங்கள் வீட்டில் எடுத்ததைக் கோயம்புத்தூரில் அளக்க முடிகிறது.

உங்கள் டாக்டர் கேட்டிருப்பது தேவையான டெஸ்ட் என்பது என் கருத்து. எட்டு மாதமாக வயிறு இப்படி இருந்தால் முக்கியமாக இரண்டு காரணங்களை யோசிக்க வேண்டும். ஒன்று, குடலில் புண்ணோ வீக்கமோ எதுவும் இல்லாமல் அதன் இயக்கம் மட்டும் தடுமாறும் ஐ.பி.எஸ். இன்னொன்று, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் போன்ற உண்மையான அழற்சி நோய். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், சிகிச்சை முற்றிலும் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் டெஸ்ட் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-லேயே இதைப் பரிந்துரைத்தது. முடிவு சாதாரணமாக வந்தால் பலருக்குக் கொலோனோஸ்கோபியே தேவைப்படாமல் போகிறது.

சரி, எப்போது எடுப்பது? உங்கள் விஷயத்தில் இதைத்தான் கொஞ்சம் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

மாதவிலக்கு நாட்களில் எடுக்க வேண்டாம். ரத்தத்திலும் அதே வெள்ளை அணுக்கள் இருக்கின்றன, அது கலந்தால் எண் பொய்யாக ஏறும். நின்று இரண்டு மூன்று நாள் போகட்டும். ஆனால் உங்களுக்கு அதைவிட முக்கியம் மெஃபனமிக் ஆசிட். இது, இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எல்லாம் ஒரே குடும்பத்து வலி மாத்திரைகள். இவை குடலின் உள்தோலைப் புண்படுத்தக்கூடியவை. நோய் எதுவும் இல்லாதவருக்கே இவற்றால் கால்புரோடெக்டின் உயர்ந்து காட்டும். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரமாவது கழிந்த பிறகு மலம் எடுப்பதுதான் நல்லது.

இதை உங்கள் மாதக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மாதவிலக்கின் முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாளோடு இரண்டு வாரம் சேர்த்தால் 17-ஆம் நாள் ஆகிறது. அடுத்த மாதவிலக்கு 28-ஆம் நாள் என்றால், 18-ஆம் நாளிலிருந்து 25-ஆம் நாள் வரை உங்களுக்குச் சரியான காலம். காலண்டரில் அந்த வாரத்தை வட்டம் போட்டு வையுங்கள். அதற்குள் தலைவலி, இடுப்புவலி என்று கடையில் மாத்திரை வாங்கினால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாராசிட்டமால் என்று நினைத்து வாங்குவதில் அசெக்ளோஃபெனாக்கும் சேர்ந்திருப்பது நம் ஊர் மருந்துக்கடைகளில் சாதாரணம். தனிப் பாராசிட்டமாலால் இந்தத் தொந்தரவு இல்லை.

கேஸ் மாத்திரை என்று நீங்கள் சொல்வது பேன்டோப்ரசோலாகவோ ஒமிப்ரசோலாகவோ இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வகையும் எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டலாம். யாரோ எப்போதோ கொடுத்ததை நிறுத்தாமல் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். உங்களுக்கு அது உண்மையிலேயே தேவையா, டெஸ்டுக்கு முன்னால் சில நாள் நிறுத்தலாமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். இரைப்பைப் புண்ணுக்காகக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் போடுகிறவர்கள் இந்த டெஸ்டுக்காக அதை நிறுத்தவே கூடாது. லேபிலும் டாக்டரிடமும் சொன்னால் போதும், அதைக் கணக்கில் வைத்து முடிவைப் படிப்பார்கள்.

இப்போது சாதாரண மோஷன் டெஸ்ட். இரண்டுக்கும் ஒரே டப்பா என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டின் விதிகளும் வேறு. மோஷன் டெஸ்டில் மைக்ராஸ்கோப்பில் அமீபா, ஜியார்டியா, புழு முட்டை, சீழ் அணுக்கள் இருக்கின்றனவா என்று தேடுகிறோம். உயிரோடு நகரும் அமீபா வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே சிதைந்துவிடும். தண்ணீராகப் போகும் மலம் என்றால் அரை மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் பலன். கெட்டியாக இருந்தாலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும். இதற்கு வலி மாத்திரைக் கணக்கு கிடையாது. ஆகவே மோஷன் டெஸ்டை முதலில் முடித்துவிடுங்கள். பள்ளி விடுமுறை நாளில் காலையிலேயே டவுனுக்குப் போய், லேபின் கழிவறையிலேயே எடுத்துக் கொடுத்தால் உத்தமம். அதில் அமீபாவோ வேறு தொற்றோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தொற்று இருக்கும்போது கால்புரோடெக்டினும் ஏறும். மருந்து முடித்து, குடல் ஆறிய பிறகு எடுக்கச் சொல்வார். இந்த வரிசையில் செய்தால் பணமும் மிச்சம், தேவையில்லாத பயமும் மிச்சம்.

கால்புரோடெக்டினுக்குக் காலையில் போகும் முதல் மலம்தான் சிறந்தது. ராத்திரி முழுக்கக் குடலில் தங்கியதால் அதில் புரதம் சேர்ந்திருக்கும். பகலில் அடுத்தடுத்துப் போகும்போது எண் மாறிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுப் பத்தியம் எதுவும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். மலம் வருவதற்காகப் பேதி மாத்திரை போட வேண்டாம், எனிமாவும் வேண்டாம். கொலோனோஸ்கோபிக்குத் தேதி கொடுத்திருந்தால், வயிறு காலியாகக் குடிக்கும் மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே இதை எடுத்துவிட வேண்டும்.

எடுக்கும் முறைக்கு வருவோம். முந்தின இரவே எல்லாவற்றையும் டாய்லெட் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். லேப் கொடுத்த டப்பா, இரண்டு ஜிப் கவர், கையுறை, பழைய செய்தித்தாள், ஒரு குப்பைக் கவர், பால்பாயின்ட் பேனா. கையுறை இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டாலும் போதும். டப்பாவின் மேல் பெயர், வயது, தேதியை ராத்திரியே எழுதிவிடுங்கள். ஈரக் கையோடு காலையில் எழுதினால் மை ஓடிவிடும். நேரத்தை மட்டும் காலையில் எழுதினால் போதும். பெயரை மூடியில் எழுத வேண்டாம், டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். லேபில் மூடியைத் திறந்து வைக்கும்போது பெயர் டப்பாவோடுதான் இருக்க வேண்டும்.

இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது உண்மையில் சுலபம். பார்சல் சாப்பாடு வரும் அகலமான பிளாஸ்டிக் டப்பா, பழைய ஐஸ்கிரீம் டப்பா, இந்த மாதிரி தாழ்வாக, வாயகன்றதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே வெறும் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வைத்து, உள்ளே ஒரு சுத்தமான கவரை விரித்துவிடுங்கள். காலையில் முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். அந்த இடத்தைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்தப் பாத்திரத்தைப் பேசினின் சமமான பகுதியில் வைத்து, வழக்கம்போல் உட்காருங்கள். பாத்திரம் நிற்காமல் சரிகிறது என்றால் அடியில் செய்தித்தாளை மடித்து அண்டை கொடுங்கள். வேலை முடிந்ததும் முதலில் பாத்திரத்தைத் தள்ளி ஓரமாக வையுங்கள், அப்புறம்தான் தண்ணீர். கால் கழுவும் தண்ணீர் ஒரு துளியும் அதில் விழக் கூடாது.

கெட்டியாகப் போகிற நாள் என்றால் பாத்திரம் கூட வேண்டாம். செய்தித்தாளை நாலைந்து மடிப்பாக மடித்துப் பேசினில் விரித்தாலே போதும். இளகிப் போகிறவர்கள் செய்தித்தாளை நம்ப வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உங்களுக்குப் பாத்திரம்தான் சரி. வெஸ்டர்ன் டாய்லெட் வைத்திருப்பவர்கள் சீட்டைத் தூக்கி, குறுக்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை நடுவில் கொஞ்சம் தொய்வாக விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டி, சீட்டை இறக்கிக்கொள்ளலாம். எழுந்திருக்க முடியாத பெரியவர்களுக்குச் சுத்தமான, உலர்ந்த பெட்பேன்.

பேசினில் விழுந்ததை அப்படியே அள்ளி எடுப்பது கூடவே கூடாது. அதில் சிறுநீர், தண்ணீர், பிளீச்சிங் பவுடர், ஃபீனாயில் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் கலந்திருக்கும்.

இப்போது டப்பாவைத் திறந்தால் மூடியோடு ஒட்டிய சின்னக் கரண்டி இருக்கும். அதால் இரண்டு மூன்று வேறு வேறு இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். சீதம் தெரிந்தால் அந்த இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும், ஆனால் சீதத்தை மட்டுமே எடுக்கக் கூடாது. மலத்தில் இந்தப் புரதம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. மொத்தத்தில் ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு போதும். லேபில் நாங்கள் அதிலிருந்து எடைபோட்டு எடுப்பது 100 மில்லிகிராம் அளவுதான், சில முறைகளில் அதைவிடவும் குறைவு. டப்பாவை நிரப்பிக் கொடுத்தால் ரிசல்ட் நன்றாக வரும் என்று நினைத்துச் சிரமப்படுபவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. நிரப்பினால் உள்ளே வாயு சேர்ந்து மூடி பிதுங்கும், வழியில் கசியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அன்றைக்கு முழுக்கத் தண்ணீராகப் போனால் இரண்டு ஸ்பூன் அளவு ஊற்றிக் கொடுக்கலாம். ஆனால் படிவத்தில் அதை எழுதிவிடுங்கள், ஏனென்றால் தண்ணீர் அதிகமானால் எண் குறைந்து காட்டக்கூடும். முடிந்தால் கொஞ்சம் உருவாகப் போகும் ஒரு நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

சில லேப்களில் காலி டப்பாவுக்குப் பதில், உள்ளே திரவம் இருக்கும் சின்னக் குழாய் ஒன்றைத் தருவார்கள். அதன் மூடியில் வரிவரியாகப் பள்ளம் போட்ட குச்சி இருக்கும். அதை மலத்தில் நாலைந்து இடத்தில் குத்தி எடுத்து, பள்ளங்கள் நிறைந்ததும் திரும்பக் குழாய்க்குள் அழுத்தி மூடிவிட வேண்டும். அந்தத் திரவத்தைக் கொட்டக் கூடாது, மலத்தைக் கூடுதலாகத் திணிக்கவும் கூடாது. அளவு அந்தப் பள்ளத்திலேயே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் டப்பா காலியாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

மூடியை இறுக்கித் திருகி, வெளிப்பக்கத்தை டிஷ்யூவால் துடைத்து, ஒரு ஜிப் கவர், அதன் மேல் இன்னொரு ஜிப் கவர். மிச்ச மலத்தை டாய்லெட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். பாத்திரம், கவர், செய்தித்தாள், கையுறை எல்லாம் குப்பைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வெளியே. பிளாஸ்டிக்கை டாய்லெட்டில் தள்ளிவிட்டால் செப்டிக் டேங்க் அடைத்துக்கொள்ளும். கடைசியாகச் சோப்புப் போட்டு இரண்டு கையையும் நன்றாகக் கழுவுங்கள். பழகாதவருக்கும் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்.

அடுத்தது ஃபிரிட்ஜ். உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சாப்பிடும் பொருள் இருக்கும் இடம் அது, அதன் சுத்தத்தைப் பற்றி அவர் கவலைப்படுவது இயல்பு. அவரோடு இதற்காக மனஸ்தாபம் வேண்டாம். அன்று காலை எடுத்ததை அன்று காலையே லேபில் சேர்த்துவிட்டால் உங்களுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை. அறை வெப்பநிலையில் இரண்டு மூன்று நாள் வரை கால்புரோடெக்டின் பெரிதாகக் குறைவதில்லை என்றும், ஒரு வாரம் ஆனால் நன்றாகவே குறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது குளிர்ந்த நாட்டு அறையின் வெப்பம். சித்திரை வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள் இருக்கும் சூட்டுக்கு அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்கு இப்படிச் செய்யுங்கள்: கடையில் ஐஸ்கட்டி வாங்கி ஒரு கவரில் கட்டி, மூடி போட்ட பழைய டிபன் பாக்ஸில் வைத்து, மேலே ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் ஜிப் கவரில் இருக்கும் டப்பா. ஐஸ் நேரடியாக டப்பாவில் படாமல் இருந்தால் சரி. ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் வெயிலில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

வேறு வழியே இல்லாமல் ஒரு ராத்திரி வைக்க வேண்டியிருந்தால்தான் ஃபிரிட்ஜ். அப்போதும் இரண்டு ஜிப் கவருக்கு மேல் ஒரு மூடி போட்ட பாக்ஸில் வைத்து, கீழ்த்தட்டில் தனியாக வைத்தால் சாப்பாட்டுக்கு ஒரு கெடுதலும் வராது. மருத்துவ ரீதியாக இதில் ஆபத்து இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அப்போதும் அவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஐஸ் பாக்ஸ் வழியே போதும். ஃப்ரீசரில் மட்டும் வைக்க வேண்டாம்.

எந்தக் கிழமை கொடுப்பது என்பதும் முக்கியம். உங்கள் டவுன் லேப் வேறு ஊருக்கு அனுப்புகிறது. சனிக்கிழமை மதியம் கொடுத்தால் திங்கள்கிழமை வரை அது அங்கேயே கிடக்கலாம். திங்களிலிருந்து வியாழனுக்குள் கொடுங்கள். "இது எப்போ கிளம்பும், அதுவரைக்கும் ஃபிரிட்ஜில் வைப்பீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். நீங்கள் பள்ளிக்குப் போக வேண்டும் என்றால் கணவர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நோயாளியே வர வேண்டும் என்று எந்த லேபும் கேட்காது.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு பழுப்புக் கவரில் போட்டு, படிவத்தோடு மேஜையில் வைத்தால் போதும், வாய்விட்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வந்ததும் அதற்கு ஒரு நம்பர் ஒட்டப்படுகிறது. எடைபோட்டு, திரவத்தில் கலக்கி, மெஷினில் வைப்பவர் அந்த நம்பரைத்தான் பார்க்கிறார். நாள் முழுக்க ரத்தம், சிறுநீர், சளி, மலம் என்று கையாளும் எங்களில் யாரும் இதை அருவருப்பாக நினைப்பதில்லை. சரியாக எடுக்கப்பட்ட ஒரு சாம்பிள் வந்தால் எங்களுக்கு உண்மையிலேயே மனநிறைவுதான். கூச்சத்தால் இந்த டப்பா அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் உங்கள் வயிறு கஷ்டப்படுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

படிவத்தின் ஓரத்தில், இடம் இல்லாவிட்டால் தனிச் சீட்டில், இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள்: கடைசியாக வலி மாத்திரை போட்ட தேதி, கேஸ் மாத்திரையின் பெயர், சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா, மூலம் இருக்கிறதா, கடைசி மாதவிலக்கு எப்போது, அன்றைய மலம் இளகலா கெட்டியா. மெஷின் சொல்லாத விஷயத்தை இந்த நாலு வரி டாக்டருக்குச் சொல்லும் என்று சொன்னால் மிகையில்லை.

முடிவு ஒரு கிராம் மலத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று வரும். பெரும்பாலான லேப்களில் 50-க்குக் கீழே இருந்தால் சாதாரணம். அப்படி வந்தால் குடலில் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஐ.பி.எஸ். என்ற கோணத்தில் டாக்டர் சிகிச்சையைத் தொடங்கலாம். 250-ஐத் தாண்டினால் அழற்சி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். இடையில் இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். மறுபடி எடுக்கும்போது அதே லேபில் கொடுங்கள், ஒவ்வொரு கம்பெனியின் கிட்டும் கொஞ்சம் வேறு எண்ணைக் காட்டும். (சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் இந்த எண்களைப் பிள்ளையின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட வேண்டாம். நான்கு வயதுக்குள் சாதாரண அளவே இதைவிட அதிகம்.)

இந்த எண் அழற்சி இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், எதனால் என்று சொல்லாது. நம் நாட்டில் குடல் காசநோயாலும் இது ஏறும். குரோன்ஸ் நோயையும் குடல் காசநோயையும் இந்த ஒரு டெஸ்டால் பிரிக்கவே முடியாது. அதற்குக் கொலோனோஸ்கோபி செய்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கேன்சர் பயத்துக்கும் இதே பதில்தான். உயர்ந்த எண் வந்தால் அது கேன்சர் என்று அர்த்தமில்லை, உயர்வதற்கு அதைவிடச் சாதாரணமான காரணங்கள் எத்தனையோ உண்டு. அதே சமயம் இது கேன்சரைக் கண்டுபிடிக்கும் டெஸ்டும் இல்லை, ஆகவே ரத்தம் போவது, எடை குறைவது போன்ற அறிகுறி வந்தால் சாதாரண ரிசல்ட்டைக் காட்டி மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ளக் கூடாது. உங்கள் வயதில், நீங்கள் சொல்லும் அறிகுறிகளோடு, கேன்சருக்கான வாய்ப்பு மிகவும் குறைவு.

ரிசல்ட் மொபைலில் வந்ததும், சிவப்பு எழுத்தில் இருக்கிறதே என்று ராத்திரி முழுக்க இணையத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தத் தாளோடு, மோஷன் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரை நேரில் பாருங்கள். ஒருவேளை டப்பா கீழே விழுந்து மூடி திறந்திருந்தாலோ, அன்று மாதவிலக்கு எதிர்பாராமல் தொடங்கிவிட்டாலோ, அதைக் கொடுக்காமல் லேபில் வேறு டப்பா கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.